ஒன்பது மைல் ஓடிய கார்

அன்று நல்லக்கண்ணு தனியாக வரவில்லை.

மேலகரத்தில், ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதனின் வீட்டு வாசலில் அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளைத் துப்பட்டி சாரலில் நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. காந்திமதிநாதன் வழக்கம்போல இரண்டு பேருக்குத்தான் காப்பி கலந்து வைத்திருந்தார். தனக்கு இன்று வேண்டாம் என்று சொல்லித் தன் டம்ளரை அவளிடம் நீட்டினார்.

நல்லக்கண்ணு தென்காசி குற்றாலம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. வேலையில்லாத நாளில் காலை பத்து மணிக்கு இங்கே வந்துவிடுவார். அந்த வீட்டுப் படியேறுகிற ஒரே மனிதர் அவர்தான். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் லாரிக்கும் பஸ்ஸுக்கும் சான்று கொடுத்தவருக்குச் சிநேகிதர்கள் மிஞ்சுவதில்லை. வண்டி வைத்திருப்பவன் பயப்படுவான். வண்டி இல்லாதவனுக்கு அவரிடம் வேலை கிடையாது. கை நீட்டாத இன்ஸ்பெக்டர் என்று பெயர் எடுத்துவிட்டால் சொல்லவே வேண்டாம், கல்யாணப் பத்திரிகைகூட வராது. பத்து மணி தாண்டி நல்லக்கண்ணு வராவிட்டால் காந்திமதிநாதன் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார். அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"இவுக ரஹ்மத்துன்னிசா, சார். நம்பிராஜன் மொதலாளி கார் ஓட்டுன ஆதம் இருக்காருல்லா, அவரு வீட்டுக்காரங்க" என்றார் நல்லக்கண்ணு.

அந்த விபத்தை அறியாதவர்கள் வட்டாரத்தில் இல்லை. கீழப்பாவூர் நிலக்கிழார் நம்பிராஜன் தை மாதம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார். ஆனி மாதம் சீசன் தொடங்கியதும் அவர் மனைவி சங்கரம்மாள் அந்தக் காரில் குற்றாலம் போனாள். வயலில் நடுகை நடந்துகொண்டிருந்ததால் நம்பிராஜன் போகவில்லை. திரும்பி வரும் வழியில் மேலகரம் திருப்பத்தில் கார் இடதுபுறம் பாய்ந்து புளியமரத்தில் மோதியது. பின் சீட்டில் இடதுபுறம் உட்கார்ந்திருந்த சங்கரம்மாள் அங்கேயே இறந்துபோனாள். ஆதமுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். அவன் மீது கவனக்குறைவாக ஓட்டி உயிர்ச்சேதம் செய்ததாக வழக்கு.

ரஹ்மத்துன்னிசா அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள்போல் நிதானமாகப் பேசினாள்.

"வார புதன்கிழமை கோர்ட்டுல கேஸ், ஐயா. 'ஆமா, எந் தப்புத்தான்'னு சொல்லப் போறேங்காக. வக்கீலுட்ட பேச மாட்டேங்காக. பள்ளிவாசலுக்குப் போகல. சோத்துல கைய வச்சுக்கிட்டுச் செவத்தையே பாத்துக்கிட்டு இருக்காக. வண்டி புதுசு, பாத்த ஆபீசரும் வண்டியில குத்தம் இல்லைன்னு எழுதிட்டாரு, அப்ப குத்தம் எங்கிட்டத்தான் இருக்கணும்ங்காக. இருபது வருசம் வண்டி ஓட்டியிருக்காக, ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனது கிடையாது."

"அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறாயா அம்மா?"

"இல்ல ஐயா. அவுக அதை நம்புதாக. அதுதான் பயமா இருக்கு."

காந்திமதிநாதனுக்கு உதவும் ஆசையில் நல்லக்கண்ணு முந்திக்கொண்டார். யாராவது பொறாமையில் பிரேக்கைக் கழற்றிவிட்டிருப்பார்கள் என்பது அவருடைய கட்சி. பொறாமைக்குக் குறைவில்லாத வண்டிதான் என்பதற்கு அவரே சாட்சி. "எங்க பஸ்ஸுக்கு முன்னால போகும் சார். நாய் ஓடுத மாதிரி ஒருச்சாஞ்சே போகும். நானும் டிரைவரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்" என்றார்.

காந்திமதிநாதன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் கார் வாங்குவது ஜவுளிக்கடையில் சேலை எடுக்கிற காரியம் அல்ல. தயாரிக்கிற கம்பெனி நேராகக் கொடுக்காது. பெரிய ஊரில் உட்கார்ந்திருக்கும் டீலரிடம் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த வண்டியில் குறை சொன்னால், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள் என்பார் டீலர். இப்படி ஏங்கி ஏங்கி வாங்கிய பொருளில் யாருக்குத்தான் குறை தெரியும்? காந்திமதிநாதனுக்கு இதில் தீராத கோபம் உண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வாங்குகிறவன் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறான், ஹாரன் அடித்துப் பார்க்கிறான், சீட் மெத்தென்று இருக்கிறதா என்று குதித்துப் பார்க்கிறான், வண்டி நிற்குமா என்று ஒருத்தனும் பார்ப்பதில்லை என்றார்.

கார் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. இடது முன்பக்கம் நசுங்கி உள்ளே போயிருந்தது. காந்திமதிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். அறுபதை நெருங்கும் மனிதர் அப்படிப் படுப்பதைப் பார்த்து ஏட்டையா சிரித்தார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் நல்லக்கண்ணுவையும் படுக்கச் சொன்னார்.

"ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற இந்தக் கம்பிக்கு டை ராடு என்று பேர். இது முறிந்துதான் வண்டி இடது பக்கம் பாய்ந்திருக்கு. முறிந்த வாயைப் பாரும். என்ன தெரியுது?"

"துரு, சார்."

"ஒரே துருவா?"

நல்லக்கண்ணு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முறிவின் ஒரு பாதியில் மஞ்சள் துரு, விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. மறு பாதியில் கறுத்துத் தடித்த துரு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

"ஒரு மாசத்துத் துரு இது. அது ரொம்பப் பழசு. விபத்து நடக்க வெகு நாளைக்கு முன்னாலேயே கம்பி பாதி விண்டுபோய்க் கிடந்திருக்கு."

அப்படியானால் கேஸ் முடிந்தது என்று நல்லக்கண்ணு எழுந்தார். காந்திமதிநாதன் தலையை ஆட்டினார். கம்பி எப்போது விண்டது என்று துரு சொல்லாது. ஐந்து மாதமாகப் பள்ளத்தில் போட்டு அடித்தது டிரைவர்தான் என்று டீலர் சொல்வார், கோர்ட்டும் நம்பும். காரின் அடிச்சட்டமும் கோணியிருக்கிறது. ஆனால் மரத்தில் மோதிய வண்டியின் சட்டம் கோணாமல் வேறென்ன செய்யும்? விபத்துக்கு முன்பே, கார் நம்பிராஜன் வாசலுக்கு வந்த அன்றே இந்தக் கோணல் இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு இந்தத் தகரத்தில் சாட்சி இல்லை.

தென்காசியில் ஆதமின் வீடு ஒற்றை அறை. அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றானே தவிர, கேட்டதற்கு மட்டும்தான் பேசினான். முதல் நாளிலிருந்தே வண்டி இடதுபுறம் இழுத்தது. வலது பக்கம் வளைத்துப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை விட்டுப்போனது. முதலாளியிடம் இரண்டு தரம் சொன்னான். டீலரின் தென்காசி ஏஜெண்ட் குற்றாலிங்கம் வந்து பார்த்துவிட்டு, புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஆயிரம் மைல் ஓடினால் பதப்பட்டுவிடும் என்றார். ஆயிரம் ஓடியதும் இரண்டாயிரம் என்றார்.

"அப்புறம் நீ ஏன் விட்டுவிட்டாய்?"

"பழைய வண்டின்னா எனக்குத் தெரியும், ஐயா. சத்தத்தை வச்சே சொல்லிருவேன். புது வண்டி நான் ஓட்டுனதே கிடையாது. எல்லாரும் புதுசுங்காக. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன்."

அந்தத் தெருவில் அவ்வளவு பேர் இருந்தும் ஒரு மாதமாக அந்த வீட்டுக்குள் யாரும் வந்ததாகத் தெரியவில்லை. வந்தவர்களையும் அவனே திருப்பி அனுப்பினானாம்.

அங்கிருந்து இருவரும் கீழப்பாவூர் போனார்கள். நம்பிராஜன் வீடு பெரிது, அதனாலேயே அதிகம் வெறிச்சென்று இருந்தது. கூடத்தில் ஒரே ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் ஒரு புகைப்படம். காரின் பின்புறம் தெரிய, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் சங்கரம்மாளும் நின்றார்கள். படத்தின் கீழ்ப்பாதியைத் தடித்த மாலை மறைத்திருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. சமையற்காரி மூடிவைத்த சாப்பாடு மாலை நான்கு மணிக்கும் மூடியபடியே இருந்தது.

ஆதம் பெயரைக் கேட்டதும் நம்பிராஜன் முகம் கறுத்தது. அவன் ஜெயிலுக்குப் போவதைப் பார்க்காமல் தனக்குத் தூக்கம் வராது என்றார். ஆனால் காரைப் பற்றிக் கேட்டதும், வேண்டாம் என்று நினைத்தாலும் அவர் குரலில் பழைய பெருமை எட்டிப் பார்த்தது. பெயர் பதிந்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்றார் டீலர். சங்கரம்மாளுக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தக் காரில் குற்றாலம் போக வேண்டும் என்பது அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை. இந்தச் சீசனுக்குள் எப்படியாவது வேண்டும் என்று மதுரைக்குப் போய் டீலர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். இரண்டே வாரத்தில் கார் வந்தது.

"புத்தம் புதுசு, இன்ஸ்பெக்டர் சார். வாசல்ல வந்து நிக்கும்போது நானே மீட்டரைப் பாத்தேன். ஒம்பது மைலு. ஒம்பதே ஒம்பது மைலு ஓடியிருந்தது. ஊரையே கூப்பிட்டுக் காட்டுனேன்."

சங்கரம்மாள் அன்று விடியலிலேயே எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போட்டாளாம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கோலத்தின் மேல் காரை நேராக ஏற்றி நிறுத்தினார்கள். தென்காசியிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் முன்பக்கம் நின்று எடுக்கலாம் என்றார். சங்கரம்மாள்தான் தன் கோலமும் படத்தில் விழ வேண்டும் என்று எல்லாரையும் பின்பக்கம் கூட்டி வந்தாள்.

காந்திமதிநாதன் அந்த மாலையை வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஒருநாள் விட்டு இருவரும் குற்றாலிங்கத்தின் ஏஜென்ஸிக்குப் போனபோது, தானும் ஒரு கார் பதிய வந்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். நல்லக்கண்ணு சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. குற்றாலிங்கம் சலவைச் சட்டையும் பவுடர் முகமுமாக இருந்தார். ஆளை விடாத பேச்சு. வரிசைப்படி ஏழு வருஷம் ஆகும், ஆனால் டீலர் மனசு வைத்தால் எதுவும் நடக்கும் என்றார். கம்பெனி கார் செய்வதோடு சரி, யாருக்கு எந்த வண்டி என்று முடிவு செய்வது டீலர்தான் என்பதைக் கண்ணைச் சிமிட்டிச் சொன்னார். நம்பிராஜனுக்கு அப்படித்தான் கிடைத்ததா என்று இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்.

"நானே மதுரையிலிருந்து ஓட்டிக்கிட்டு வந்தேன், சார். விடியறதுக்கு முன்னால கிளம்பி, ராஜபாளையத்துல ஒரு காப்பி, ஒம்பது மணி முகூர்த்தத்துக்கு வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டேன். லாரியில ஏத்தி அனுப்புற பழக்கமெல்லாம் எங்ககிட்ட கிடையாது. புது வண்டியை விரட்டக் கூடாது பாருங்க, மீட்டர் முள்ளை முப்பதைத் தாண்டவே விடல."

"முள் முப்பதுக்குள்ளேயே நின்றதா?"

"கண்ணால பாத்துக்கிட்டே வந்தேன்."

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் நல்லக்கண்ணுவை ஸ்டூடியோவுக்கு அனுப்பினார். அந்தப் படத்தின் நெகட்டிவ் வேண்டும். ஒரு மணி நேரத்தில் நல்லக்கண்ணு தொங்கிய முகத்தோடு திரும்பினார். சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடித்து அந்தப் பெட்டி முழுவதும் வீணாகிவிட்டதாம். படம் ஒரே ஒரு பிரதிதான் போட்டார்களாம்.

வழக்குக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மதியம், நம்பிராஜன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டபடி நம்பிராஜன் ஆள் அனுப்பியதால் குற்றாலிங்கம் வந்திருந்தார். இன்னொரு கார் விற்கும் ஆசை முகத்தில் தெரிந்தது. ஆதமும் ரஹ்மத்துன்னிசாவும் வாசற்படிக்குள் நின்றார்கள். ஆதமை உள்ளே விட நம்பிராஜன் சம்மதிக்க அரை மணி நேரமாயிற்று. நல்லக்கண்ணு அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

காந்திமதிநாதன் உட்காரவில்லை. "மொதலாளி, கார் வந்தன்னிக்கு மீட்டர்ல எத்தனை மைல் இருந்தது?" என்று கேட்டார்.

"அன்னிக்கே சொன்னேனே. ஒம்பது."

"குற்றாலிங்கம், காரை மதுரையிலிருந்து நீர்தானே ஓட்டி வந்தீர்?"

"ஆமா சார்."

"நல்லக்கண்ணு, மதுரையிலிருந்து இங்கே எத்தனை மைல்?"

நல்லக்கண்ணு வாயைத் திறந்தார், மூடினார். நாள் முழுவதும் மைல் கணக்கில் டிக்கெட் கிழிக்கிற மனிதர். ஒன்பது மைல் கதையை அவரும் ஆறு மாதமாகக் கேட்டு ஆச்சரியப்பட்டவர்தான். "நூறு மைலு, சார். நூறுக்கு ஒண்ணு ரெண்டு குறையும்" என்றார்.

காந்திமதிநாதன் கூடத்தில் இருந்த எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நூறு மைல் ஓடி வந்த காரில் ஒன்பது மைல்தான் காட்டுது. ஊரே வந்து பார்த்தது. ஒருத்தருக்கும் தோணல. ஏன்னா எல்லாரும் புதுசைப் பார்க்க வந்தாங்க, காரைப் பார்க்க யாரும் வரல." காந்திமதிநாதன் குற்றாலிங்கம் பக்கம் திரும்பினார். "வழியில மீட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம் என்று பார்க்கிறீர். சொல்ல முடியாது. வேகம் காட்டுகிற முள்ளுக்கும் மைல் எண்ணுகிற சக்கரத்துக்கும் ஒரே கேபிள். முள் ஆடினால் மைல் ஏறணும். மைல் ஏறல என்றால் முள் ஆடியிருக்காது. முள் முப்பதைத் தாண்டவில்லை என்று கண்ணால் பார்த்ததாகச் சொன்னீர். ஆடாத முள்ளை எப்படிப் பார்த்தீர்? கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டி வந்து, ஊர் எல்லையில மாட்டியிருக்கீர். புது வண்டிக்கு எதுக்கு அந்த வேலை?"

குற்றாலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். பவுடர் கலைந்து வந்தது. மீட்டரில் ஏதோ கோளாறு இருக்கலாம், ஆனால் வண்டி கம்பெனியிலிருந்து வந்த புதுசுதான், அடிச்சட்டம் கோணியது மரத்தில் மோதித்தான், சர்க்கார் ஆபீசரே எழுதியிருக்கிறார் என்றார்.

"அதையும் பார்ப்போம்" என்ற இன்ஸ்பெக்டர், நம்பிராஜனிடம் கைகூப்பினார். "அந்த மாலையைக் கொஞ்சம் விலக்கணும், மொதலாளி."

நம்பிராஜன் அசையவில்லை. பிறகு தானே எழுந்துபோய் மாலையை ஒருபுறமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். படத்தின் கீழ்ப்பாதியில் கோலம் இருந்தது. அரிசி மாவில் பின்னிப் பின்னிப் போட்ட பெரிய கோலம். அதன் மேல் கார் ஏறிப்போன சக்கரத் தடங்கள் ஈரத் தரையில் தெளிவாக விழுந்திருந்தன.

"ஆச்சி அடர்த்தியாப் போட்ட மாவு. அதனால தடம் அச்சு மாதிரி விழுந்திருக்கு. நேராப் போற காருக்கு முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரமும் போகணும். பக்கத்துக்கு ஒரு கோடு, மொத்தம் இரண்டு கோடு. இங்கே எத்தனை கோடு?"

நல்லக்கண்ணு படத்துக்கு முன்னால் போய் நின்று விரலால் தொட்டு எண்ணினார். "நாலு, சார். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. நாலு விரக்கடை தள்ளித் தள்ளி விழுந்திருக்கு."

"வண்டி திரும்பியிருந்தாலும் நாலு கோடு விழும். ஆனா அது வளைஞ்சு விழும். இது நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. முன் சக்கரம் ஒரு பாதை, பின் சக்கரம் ஒரு பாதை. நீர் சொன்னீரே நல்லக்கண்ணு, நாய் ஓடுத மாதிரி என்று. நீர் சிரிச்ச அன்னிக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நல்லது. அடிச்சட்டம் கோணின வண்டிதான் அப்படி ஓடும். மரத்துல மோதுறதுக்கு அஞ்சு மாசம் முன்னால, இந்த வாசல்ல நின்ன அன்னிக்கே இது கோணல் வண்டி. எங்கேயோ மோதி, நிமிர்த்தி, பெயிண்ட் அடிச்சு, மீட்டரை மாத்தி வித்திருக்காங்க. அந்த மோதல்ல விண்ட கம்பிதான் மேலகரத்துல முறிஞ்சது. ஆதம் இடத்துல நான் இருந்தாலும் அந்த வண்டி மரத்துக்குத்தான் போயிருக்கும்."

"சொல்லும்வே" என்றார் நம்பிராஜன். குரல் உயரவில்லை. கை இன்னும் மாலையைப் பிடித்திருந்தது.

குற்றாலிங்கம் சொல்லிவிட்டார். டீலரின் மகன் அந்தக் காரை விற்பனைக்கு முன்பே சிநேகிதர்களோடு கொடைக்கானலுக்கு எடுத்துப்போய்ப் பாலத்துச் சுவரில் மோதியிருந்தான். ஆறு மாதம் ஷெட்டில் கிடந்தது. வரிசையில் காத்திருக்கிற யாருக்கும் தள்ள முடியாது, பொறுமையாக இருப்பவன் ஆள் வைத்துப் பார்ப்பான். அவசரப்படுகிற ஒருவர் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் நம்பிராஜன் போய்க் கெஞ்சினார். கேபிளைக் கழற்றச் சொன்னதும் டீலர்தான், தான் வெறும் ஏஜெண்ட் என்றார் குற்றாலிங்கம். வேறு யாரிடமாவது அதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் இரக்கம் கிடைத்திருக்கும்.

நம்பிராஜன் அவரைப் பார்க்கவே இல்லை. தான் கெஞ்சிய நாளை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஆசைப்பட்டவளுக்கு அவசரப்பட்டு அவர் எதை வாங்கி வந்தார் என்று இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, இரண்டு தரம் ஆதம் வந்து சொல்லியும் அவர் காது கொடுக்கவில்லை.

"இவர் இங்கே சொன்னதை நாளைக்குக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லலாம், மொதலாளி" என்றார் காந்திமதிநாதன். அவருக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "படம் மாறாது. அதை நீங்க கொண்டு வரணும். கோர்ட்டுக்குள்ள போனா எப்போ திரும்பும், எந்த நிலைமையில திரும்பும் என்று சொல்ல முடியாது. நெகட்டிவும் இல்லை."

"அவளுக்கு வேற படம் கிடையாது."

"தெரியும்."

"கொண்டு வரலன்னா?"

ரஹ்மத்துன்னிசா கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஆதம் தலை குனிந்தபடியே, "வேண்டாம் மொதலாளி. ஆச்சி படம் வீட்டுல இருக்கட்டும்" என்றான்.

நம்பிராஜன் முதல் தடவையாக அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். படத்தை ஆணியிலிருந்து எடுத்து, வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

மறுநாள் கோர்ட்டுக்கு அவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். சாட்சிக் கூண்டில் ஏறி, தான் வரிசையைத் தாண்டிக் கெஞ்சி வாங்கியதையும், டிரைவர் இரண்டு தரம் சொல்லியும் கேளாமல் இருந்ததையும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஒரு நிலக்கிழார் ஊர் முன்னால் அப்படிச் சொல்லி அந்தக் கோர்ட் கேட்டதில்லை. இரண்டு வாய்தாவில் ஆதம் விடுதலையானான். டீலர் மேல் புது வழக்கு வந்தது. அதற்காகப் படத்தின் பின்புறம் சீல் குத்தி, எண் எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்று நல்லக்கண்ணுவுக்கு வேலை நாள். அவர் இல்லாமல் காந்திமதிநாதன் தனியாகக் கோர்ட் வாசலில் நின்றிருந்தார். ஆதமும் மனைவியும் அவரிடம் வந்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்போது நம்பிராஜன் படியிறங்கி வந்தார். கையில் ஒன்றும் இல்லாததால் அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல் இருந்தார். ஆதம் ஒதுங்கி வழி விட்டான். அவர் போகவில்லை.

"ஆதம்" என்றார். "கடைசியா அவகூட இருந்தது நீ ஒருத்தன்தான். ரெண்டு மாசமா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். உன்னைப் பாக்கவே புடிக்காம இருந்ததால கேக்க முடியல. அவ ஏதும் சொன்னாளா?"

ஆதம் ஓரடி முன்னால் வந்தான். "மேலகரம் திருப்பத்துக்கு முன்னால எதுக்க ஒரு மாட்டுவண்டி வந்தது, மொதலாளி. ஆச்சி குனிஞ்சு எங்கிட்டச் சொன்னாக. 'மெள்ளப் போ ஆதம். புது வண்டில்லா, ஒரு கீறல் விழுந்தாலும் அவுக மனசு தாங்காது'ன்னாக."

நம்பிராஜன் காத்திருந்தார்.

"மெள்ளத்தான் போனேன், மொதலாளி" என்றான் ஆதம்.